பெயரில்லாப் பங்களிப்பும் பொறுப்பும்

நுழையும்முன்

பலர் கூடி எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியம் இன்று நம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதில் எழுதுவோர் தம் பெயரை அறிவித்துத்தான் எழுத வேண்டுமா? பெயர் அறியாதவரின் எழுத்தை நம்பலாமா? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

யாவரும் எழுதும் களஞ்சியம்

2001ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, 2003இல் தமிழிலும் மலர்ந்தது. பெரும்பாலான மொழிப்பதிப்புகளில், பயனர் கணக்கு இல்லாதவரும் கட்டுரையைத் திறந்து பிழை திருத்தலாம். தம் ஊரின் பெயர் தவறாக எழுதப்பட்டிருப்பதைக் கண்ட ஒருவர், அக்கணமே அதைச் சரிசெய்துவிட்டுச் செல்ல முடியும். கணக்குத் தொடங்கினால்தான் திருத்தலாம் என்றால், அவருள் பலர் திருத்தாமலே போய்விடக்கூடும். சிறு துளிகள் சேர்ந்தே இக்களஞ்சியம் நிரம்பியது என்பதை நாம் மறத்தலாகாது.

திறந்த கதவால் நேர்ந்த தீங்கு

திறந்த கதவின் வழியே தீங்கும் நுழையும். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜான் சீகென்தாலர் என்னும் அமெரிக்க இதழாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி உடன்பிறந்தாரின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருந்ததாகக் கருதப்பட்டது என்னும் பொய்யை ஒருவர் பெயர் கூறாமல் எழுதினார். அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேல் நீக்கப்படாமல் இருந்தது. பின்னர் அதை எழுதியவர், வேடிக்கைக்காகச் செய்ததாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஒருவருக்கு வேடிக்கையாக இருந்தது, மற்றொருவரின் வாழ்நாள் நற்பெயருக்கு ஊறாயிற்று.

இதன் விளைவாக, அவ்வாண்டு டிசம்பரில், கணக்கில்லாதோர் புதிய கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. இருக்கும் கட்டுரைகளைத் திருத்தும் உரிமையை மட்டும் விட்டுவைத்தது. போர்த்துகீசிய மொழிப்பதிப்போ 2020இல், கட்டுரைகளைத் திருத்துவதற்கும் கணக்கைக் கட்டாயமாக்கியது.

பெயர் இருந்தால் போதுமா?

பெயர் கேட்டுவிட்டால் பொய் ஒழியும் என்று எண்ணுவதும் பிழையே. ஆங்கில விக்கிப்பீடியாவில் தம்மைச் சமயவியல் பேராசிரியர் என்று கூறிக்கொண்டு, நிருவாகியாகவும் உயர்ந்த ஒருவர், உண்மையில் 24 வயதுடைய, அப்பட்டங்கள் ஏதும் இல்லாத இளைஞர் என்பது 2007இல் வெளிப்பட்டது. அவருக்குக் கணக்கும் இருந்தது, மதிப்பும் இருந்தது. உண்மை மட்டும் இல்லை.

மற்றொரு பக்கத்தையும் காணவேண்டும். 2022இல் பெலரூசு நாட்டில், உக்ரைன் போர் பற்றிய கட்டுரையைத் திருத்திய விக்கிப்பீடியர் ஒருவரின் அடையாளம் பொதுவெளியில் வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து அவர் கைது செய்யப்பட்டார். உண்மைப்பெயரைக் கட்டாயமாக்கினால், அச்சமின்றி எழுதக்கூடியோர் மட்டுமே எஞ்சுவர். அஞ்சத்தக்க சூழலில் வாழ்வோர் அறிந்த உண்மைகள் எழுதப்படாமலே போகும்.

தெரிந்து தெளிவோம்

கணக்கில்லாமல் எழுதுவது முழு மறைவு அன்று. நெடுங்காலம், அவ்வாறு எழுதியவரின் இணைய முகவரி எண் பக்க வரலாற்றில் அனைவரும் காணுமாறு பதிவாகியது. 2024 முதல் படிப்படியாகத் தற்காலிகக் கணக்கு முறை கொண்டுவரப்பட்டது. இதில் அவ்வெண் பொதுமக்களுக்குத் தெரியாது. உரிய அனுமதி பெற்றவர்கள் மட்டும் காணலாம்.

சான்றே அளவுகோல்

பெயரின்மை தமிழுக்குப் புதிதன்று. நாட்டுப்புறப் பாடல்களையும் பழமொழிகளையும் ஆக்கியோர் யாரென்று நாம் அறியோம். சங்கப் புலவர் சிலருக்கு அவர்தம் பாடலின் தொடரே பெயராயிற்று. செம்புலப் பெயனீரார் அத்தகையவர். எனினும், பாடலின் நயம் பாடலிலேயே விளங்கும். ஒரு செய்தியின் உண்மை அச்செய்தியிலேயே விளங்குவதில்லை. அதற்குச் சான்று வேண்டும். சொல்பவரைக் கொண்டன்றிச் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் கண்டறிவதே அறிவு என வள்ளுவர் வகுத்த அளவுகோல் இங்கும் பொருந்தும்.

ஆகவே, பெயரில்லாப் பங்களிப்பை அடியோடு தடுத்தலும் தகாது. கட்டுப்பாடின்றி விடுதலும் தகாது. எழுத்துப்பிழை திருத்தம் போன்ற சிறு பணிகளுக்குக் கதவு திறந்திருக்கட்டும். உயிரோடிருப்போரைப் பற்றிய செய்திகளில் சான்றில்லாத வரியை உடனே நீக்கும் கடுமை வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் பதிவாகி, தவறானது மீட்கப்படும் வழியும் வேண்டும். தீங்கு எந்த அளவோ, அந்த அளவிற்குக் காவலும் இருத்தல் முறையாகும்.

எழுதியவர் பெயரை மறைக்கலாம். எழுதியதற்கான சான்றை மறைக்கலாகாது. படிப்பவருக்கும் இதில் பங்குண்டு. கண்ட வரியை அப்படியே ஏட்டில் படியெடுக்கும் மாணவர், அவ்வரி பொய்யாயின் அப்பொய்யைத் தம் பெயரிலேயே பரப்புகிறார் என்பதை உணர்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் பக்க வரலாற்றைப் பார்த்து, அண்மையில் செய்யப்பட்ட ஐந்து திருத்தங்களை அட்டவணைப்படுத்துக.
2. அக்கட்டுரையில் சான்று தரப்படாத செய்தி ஒன்றைக் கண்டறிந்து, நூலகத்தில் அதற்குச் சான்று தேடுக.
3. ‘பொதுக் களஞ்சியத்தில் எழுதுவோர் உண்மைப்பெயரை அறிவிக்க வேண்டும்’ என்னும் தலைப்பில், ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.