பன்னிரண்டு மைலுக்கு அப்பால் உன் வயது

அன்புள்ள தம்பிக்கு,

கொச்சியில் கப்பல் ஏறி, லட்சத்தீவைப் பார்த்துவிட்டு மும்பையில் இறங்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே: "டீச்சர், கரையிலிருந்து 12 மைல் தாண்டிட்டா குடிக்க வயசுக் கணக்கே கிடையாதாமே? சட்டப்படி யாரும் கேட்க முடியாதாமே?" அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. விடுதியில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சட்டம் படிக்கிற பிள்ளை "சட்டப்படி" என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

கடல் எல்லைகள், கொடி நாட்டின் (கப்பல் பதிவான நாட்டின்) அதிகாரம் இதெல்லாம் வகுப்பில் முடித்த பாடம். திரும்ப ஓதமாட்டேன். உன் கேள்விக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: கரையில் சட்டம் கெட்டியாக இருக்கிறது, கடலில் கரைந்துவிடுகிறது என்று. முதலில் கரையையே பார்ப்போம்.

உனக்கு இருபது முடிந்துவிட்டது. கேரளத்தில் குடிக்க 23 வயது ஆகவேண்டும். 2017-இல் இடது முன்னணி அரசு புதிய மதுக்கொள்கை கொண்டுவந்தபோதுதான் 21 என்பது 23 ஆயிற்று. நம் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பேருந்து ஏறு. பாறசாலையில் 22 வயதுக்காரன் ஒருவன் பாட்டில் வாங்கப் போனால் அவனுக்கு விற்பது குற்றம். அங்கிருந்து கொஞ்ச தூரம் போய்க் களியக்காவிளையில் இறங்கினால் அதே ஆள் டாஸ்மாக்கின் முறையான வாடிக்கையாளன். தமிழ்நாட்டில் 21 போதும். வடக்கே போ. தலைச்சேரிக்கும் வடகரைக்கும் நடுவில் மாஹி கிடக்கிறது. அது புதுச்சேரி, அங்கே 18. டெல்லியில் 25. மகாராஷ்டிரத்தில் பீருக்கு ஒரு வயது, விஸ்கிக்கு வேறொரு வயது. குஜராத்தில் எந்த வயதிலும் கிடையாது. இப்படிப் பேருந்துச் சீட்டு எடுத்தாலே மாறிவிடுகிற ஒரு வயதை, கடலில்தான் ஏதோ மாயமாய் மறைகிறது என்று சொல்கிறாயே!

இதில் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகும். நம் கேரளத்து மதுச் சட்டமான அப்காரிச் சட்டத்துக்கு "1077-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டம்" என்று பெயர். போன வருஷம் ஒரு மாணவர் விடைத்தாளில் "சோழர் காலத்து மதுச் சட்டம்" என்று எழுதிவைத்தார். 1077 என்பது கொல்லம் ஆண்டு. கிறிஸ்து ஆண்டில் 1902. கொச்சி சமஸ்தானம் போட்ட சட்டம் பிற்பாடு கேரளம் முழுக்கப் பரவியது. குலோத்துங்கனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, அந்த 12 மைல். உன் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. எனக்கு முழுப் பொய்யைவிட அரை உண்மையிடம்தான் பயம் அதிகம்.

மது மாநிலத்தின் கையில் இருக்கிற விஷயம். மாநிலத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை நமக்குக் கற்றுத்தந்தது மது வழக்கல்ல, இரண்டு மீனவர்களின் சாவு. 2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைலில் "செயின்ட் ஆன்டனி" என்ற மீன்பிடிப் படகைப் பார்த்து, "என்ரிகா லெக்ஸி" என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டார்கள். இறந்தவர்களில் ஒருவர் கொல்லத்துப் பக்கம், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கப்பலைக் கொச்சிக்கு வரவழைத்து, கேரளப் போலீஸ் இரண்டு வீரர்களைக் கைது செய்தது. வழக்கு கொல்லத்தில் நடந்தது. 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? கேரளத்தின் அதிகாரம் 12 கடல் மைலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் நடந்ததை விசாரிக்கக் கேரளத்துக்கு உரிமையில்லை என்றது.

உன் நண்பர்கள் இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். அடுத்த வரியைப் படி. மாநிலத்துக்கு இல்லை, ஆனால் ஒன்றியத்துக்கு உண்டு; தனி நீதிமன்றம் அமைத்து விசாரியுங்கள் என்றது அதே தீர்ப்பு. இத்தாலி எங்களுக்குத்தான் உரிமை என்றது. விஷயம் பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2020-இல் அந்த வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்று முடிந்தது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்த பிறகு, 2021 ஜூனில் இங்கே வழக்கு மூடப்பட்டது. 12 மைலுக்கு அப்பால் சட்டம் இல்லாமலா ஒன்பது வருஷம் இத்தனை பேர் மல்லுக்கட்டினார்கள்? அங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. உரிமை கொண்டாடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே கேரளத்தின் 23 உன்னோடு நடுக்கடல்வரை வராது என்பது சரி. அங்கே என்ன வயது என்பதுதான் கேள்வி. அதற்கு வருமுன், இந்த 12 மைல் கதை எங்கிருந்து கிளம்பியது என்று யோசித்திருக்கிறாயா? என் ஊகம் இது: தீர்வையிலிருந்து. வெளிநாட்டுப் பயணம் போகிற கப்பலில் தீர்வை கட்டாத சரக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் துறைமுகத்தில் நிற்கும்போது அதை விற்கக் கூடாது. சுங்கத்துறை பூட்டி முத்திரை வைப்பது பல நாடுகளில் வழக்கம். கரையை விட்டு வெகுதூரம் போன பிறகுதான் கடைகளும் சூதாட்டக் கூடமும் திறக்கும். பயணிகள் இதைப் பார்க்கிறார்கள். "எல்லை தாண்டியதும் எல்லாம் திறந்துவிட்டது" என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள். திறந்தது கடை. வயது வரம்பை யாரும் திறக்கவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த வழக்குக்கு வருகிறேன். பாளையத்துப் பொது நூலகத்தில் உட்கார்ந்து முதலில் படித்தபோது சிரிப்பை அடக்க முடியாமல், பக்கத்து மேசைப் பெரியவர் முறைத்தது நினைவிருக்கிறது. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்த காலம். நியூயார்க்குக்கு வரும் ஐரோப்பியக் கப்பல்களில் சாராய அறை இருக்கும். துறைமுகத்துக்குள் நுழையுமுன் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள், திரும்பும்போது திறப்பார்கள். அதுவும் கூடாது என்றது அமெரிக்க அரசு. கூடவே, அமெரிக்கக் கப்பல் உலகத்தில் எங்கே போனாலும் அதில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்றது. கூனார்டு முதலான கப்பல் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1923 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இரண்டு தரப்பையும் பாதிப் பாதி ஏமாற்றியது. கரையிலிருந்து அன்றைய எல்லையான 3 மைலுக்குள் வந்தால் எந்த நாட்டுக் கப்பலானாலும் முத்திரை வைத்த பாட்டில்கூட இருக்கக் கூடாது. அந்த 3 மைலுக்கு வெளியே அமெரிக்கக் கப்பலுக்கே அந்தச் சட்டம் இல்லை.

வேடிக்கை எங்கே என்றால், மாலுமிகளுக்கு அன்றாடம் ஒயின் படி அளந்தே தீரவேண்டும் என்று சில ஐரோப்பிய நாடுகளின் சட்டம் சொல்லியது. கப்பல் தலைவன் நிலையை நினைத்துப் பார். கொடி நாடு ஊற்றிக் கொடு என்கிறது, துறைமுக நாடு தூக்கிப் போடு என்கிறது. கடைசியில் 1924-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. முத்திரையோடு வைத்திருக்க அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் நிற்கும் பிரிட்டிஷ் கப்பலைச் சோதனை போடலாம் என்று பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. ஒரு மணி நேரம்! மைல் கணக்கில்லை. வேகமான படகுக்கு எல்லை தூரம், மெதுவான படகுக்கு எல்லை பக்கம். கடல் எல்லை என்பது தண்ணீரில் போட்ட கோடல்ல, பேரம் பேசி வைத்த கோடு என்று இதைவிட அழகாக யார் காட்ட முடியும்? இதைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டே போவேன். நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது உன் வயதுக் கேள்வி. பெரிய உல்லாசக் கப்பல்கள் நிறைய பஹாமாஸ் கொடியோடு ஓடுகின்றன. பஹாமாஸில் குடிக்க 18 போதும். அப்படியென்றால் மயாமியில் கிளம்பி 12 மைல் தாண்டிய ராயல் கரீபியன் கப்பலில் 19 வயதுப் பையனுக்கு பீர் கொடுக்கலாமே? கொடி நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. அமெரிக்காவின் 21 அங்கே எட்டாது. உன் நண்பர்கள் சொல்வது சரியென்றால் அங்கேதான் சரியாக இருக்கவேண்டும். ஆனால் கொடுக்க மாட்டார்கள். வட அமெரிக்காவில் கிளம்பும் பயணம் என்றால் கடல் முழுக்க 21. அதே நிறுவனம் சிங்கப்பூரில் ஆள் ஏற்றினால் 18. ஆழமோ, மைலோ, கொடியோ இதைத் தீர்மானிக்கவில்லை. எங்கே ஏறினாய், எந்தச் சீட்டில் ஏறினாய் என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆம், சீட்டு. நீங்கள் யாரும் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்துகிற அந்த நீண்ட ஒப்பந்தம்தான் நடுக்கடலில் உன் சட்டம். அதன் பலம் தெரியவேண்டுமானால் கார்னிவல் நிறுவனத்தின் மேல் ஒரு பயணி போட்ட வழக்கைப் படி; 1991 தீர்ப்பு. பயணி இருப்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வழுக்கி விழுந்தது மெக்சிகோ கரைக்கு அப்பால் சர்வதேசக் கடலில். ஆனால் சீட்டில் பொடி எழுத்தில் ஃபுளோரிடாவில்தான் வழக்காடவேண்டும் என்று இருந்தது. ஃபுளோரிடாவுக்கே போ என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒரு பயணச்சீட்டு ஒரு மனுஷியை நாட்டின் மறுகோடிக்குத் துரத்த முடியும் என்றால், உன் கையிலிருந்து ஒரு கிளாஸைப் பிடுங்க முடியாதா?

நடைமுறையில் எப்படி என்று கேட்பாய். ஏறும்போதே அடையாள அட்டையைப் பார்த்து, உனக்கு ஒரு அட்டை தருவார்கள். அறைக் கதவுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான், பாருக்கும் அதுதான். உன் பிறந்த தேதி அதில் ஏறியிருக்கும். பாரில் இருப்பவர் அட்டையைத் தேய்த்த உடனே திரை சொல்லிவிடும். பெவ்கோ மதுக்கடை க்யூவில் மீசையைப் பார்த்து ஊகிப்பதுபோல் அங்கே ஊகிக்க இடமில்லை. அப்பா வாங்கி உனக்கு நகர்த்தலாம் என்று நினைத்தால், அந்த விஷயத்தில் கப்பல்காரர்கள் பொல்லாதவர்கள். வயது வராதவருக்கு வாங்கிக் கொடுத்தவரின் மது வசதியை நிறுத்துவார்கள், முற்றினால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். சில நிறுவனங்கள் ஒரே அறையில் இருக்கிற வயதுவந்தோர் எல்லோரும் குடிபானத் தொகுப்பு வாங்கினால்தான் உண்டு என்று வைத்திருப்பதும் இந்தப் பகிர்ந்து குடிக்கிற பழக்கத்துக்குப் பயந்துதான். நார்வீஜியன் என்ற நிறுவனம் வேறு வழி பிடித்திருக்கிறது: 18 முதல் 20 வரை உள்ளவர்களுக்கு, கூட வந்த பெற்றோர் கையெழுத்துப் போட்டால் பீரும் ஒயினும் கிடைக்கும், அதுவும் எல்லாக் கடலிலும் அல்ல. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பிள்ளைக்குக் குடிக்க அனுமதிக் கடிதம் எழுதுகிற அம்மா என்ற காட்சியே எனக்கு ஒவ்வவில்லை. பழைய காலத்து மனுஷி என்று வைத்துக்கொள்.

லட்சத்தீவு பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே மதுவிலக்கு. சுற்றுலாவுக்காக பங்காரம் தீவுக்கு மட்டும் விலக்கு இருந்துவந்திருக்கிறது. அதனால் கப்பலிலிருந்து தீவுக்கு இறங்கும் படகில் யாராவது பெரியவர் பையில் பாட்டில் வைத்திருந்தால், அவருக்கு 23 ஆனாலும் 73 ஆனாலும் குற்றம் குற்றம்தான். வயது அங்கே பதிலே இல்லை.

எரிச்சலோடு இன்னொன்றும் சொல்கிறேன். 2022 ஜூனில் கார்டேலியா என்ற சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிப் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றது. கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கும், பண்பாடு கெடும் என்று எதிர்ப்பு எழுந்து, பயணிகளை இறங்க விடவில்லை. 18 வயதில் குடிக்கலாம், தெருவுக்குத் தெரு கடை என்று இருக்கிற ஊர்தான் கப்பலைப் பார்த்துப் பண்பாட்டை நினைத்தது! கடலில் வருவதென்றால் எல்லோருக்கும் ஒரு கலவரம். நீ அதைச் சட்டமில்லாத இடம் என்று நினைக்கிறாய், அவர்கள் அதை ஒழுக்கமில்லாத இடம் என்று நினைத்தார்கள்.

23 என்ற எண்ணின் மேல் எனக்குப் பக்தி ஒன்றும் இல்லை. 18-இல் வாக்களிக்கிறவன், 21-இல் கல்யாணம் செய்துகொள்கிறவன், அதற்கும் மேல் இரண்டு வருஷம் கழித்துத்தான் கிளாஸைத் தொடவேண்டும் என்பதற்கு அரசு சொன்ன காரணங்கள் எனக்குப் போதவில்லை. வகுப்பில் வாதாடு, கட்டுரை எழுது, நானே திருத்தித் தருகிறேன். ஆனால் ஒரு சட்டம் தவறு என்று சொல்வது வேறு, அது இல்லை என்று சொல்வது வேறு.

கிளம்புமுன் பயணச்சீட்டின் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிடு; மது என்ற தலைப்பு மட்டுமல்ல, எந்த ஊர் நீதிமன்றம் என்ற பகுதியையும். திரும்பி வந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டு வா. பொழியூருக்கும் நீரோடிக்கும் நேராக, கரையிலிருந்து 5 மைலில் ஒரு சொகுசுக் கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது. கொடி பஹாமாஸ். ஏறியது சிங்கப்பூரில். பாரில் 22 வயது ஆள். பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு என்பது உனக்குத் தெரியும். கப்பலின் மூக்கு ஒரு மாநிலத்தைப் பார்க்கிறது, வால் இன்னொன்றை. யார் அவனைக் கேட்கலாம், எந்தச் சட்டத்தின் கீழ்? ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதே. "சட்டப்படி" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போடு.

அன்புடன்,
உன் டீச்சர்
கரமனை, திருவனந்தபுரம்