அவையும் பேச்சும்

உள்ளத்தில் தோன்றும் எண்ணத்தை ஒருவர்க்கு ஒருவர் உரைத்தல் மக்கள் எல்லார்க்கும் இயல்பு. ஆனால், பலர் கூடிய அவையில் எழுந்து நின்று, கூறத்தக்கதைக் கூறத்தக்க முறையில் கூறிக் கேட்போர் நெஞ்சில் பதியச் செய்தல் எல்லார்க்கும் எளிதன்று. அது பயிற்சியால் வரும் ஒரு கலை. இக்கலையின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை இதன்பொருட்டு வகுத்தார். அவற்றுள் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்த முறை நாம் கருதத்தக்கது. தன்முன் அமர்ந்திருப்போர் யாவர், அவர்க்கு வேண்டுவது யாது என்பதை அறிந்தவனுக்கே அச்சம் அகலும். பேச்சு, பேசுவோன் தன் புலமையைக் காட்டுவதற்கு அமைந்ததன்று. கேட்போர் பயன் பெறுவதற்கே அமைந்தது. இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டால், பேச்சுக்கலையின் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

முற்காலத்தில் அவை என்றாற் பெரும்பாலும் அரசரும் புலவரும் கூடும் இடத்தையே குறிக்கும். இன்றோ குடியாட்சி நடைபெறும் நம் நாட்டில், சிற்றூர்தோறும் அவை உண்டு. 1992-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-ஆவது திருத்தம், கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் அளித்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிற் பெயர் உள்ள யாவரும் அச்சபையின் உறுப்பினரே. உழவரும் கூலியாளரும், ஆடவரும் பெண்டிரும் ஆங்கு ஒத்த உரிமையுடன் அமர்ந்து ஊரின் குறைகளை எடுத்துரைக்கலாம். ஆனால், உரிமை இருந்தும் நா எழாவிடின் என்ன பயன்? குறையை உணர்ந்தவர் வாய்மூடி இருக்க, உணராதவர் நெடிது பேசிச் செல்வாராயின், அக்குறை தீருமாறு எங்ஙனம்? ஆதலின், பேசக் கற்றல் மேடையேறிக் கைதட்டல் பெற விழைவோர்க்கு மட்டும் உரியதன்று. நாட்டுக் குடிமக்கள் எல்லார்க்கும் உரிய கடமையாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் ஊரின் ஏரி மழைக்காலத்திலும் நிரம்புவதில்லை. அதற்கு நீர் கொணரும் வரத்துக்கால்வாய் தூர்ந்து, முட்புதர் மண்டிக் கிடக்கின்றது எனக் கொள்வோம். இதுபற்றிக் கிராம சபையிற் பேச இருவர் எழுகின்றனர். முதல்வர், கரிகாலன் கல்லணை கட்டிய பெருமையிலே தொடங்கி, தமிழர் நீரைப் போற்றிய வரலாற்றை அரைமணி நேரம் விரித்துரைக்கின்றார். கேட்போர் சிலர் மகிழ்கின்றனர், சிலர் உறங்குகின்றனர். தம் ஊர் ஏரியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே அவர் அமர்ந்துவிடுகின்றார்.

இரண்டாமவர் அவ்வாறு செய்திலர். முந்திய நாளே அவர் கால்வாயின் கரைவழியே நடந்து பார்த்திருக்கின்றார். எந்த இடத்தில் அது தூர்ந்துள்ளது, அதன் நீளம் எத்தனை அடி, முன்னாளில் ஏரியில் எத்தனை மாதம் நீர் நின்றது, இப்பொழுது எத்தனை மாதம் நிற்கின்றது, எத்தனை ஏக்கர் நிலம் தரிசாயிற்று, எத்தனை கிணறுகள் வற்றின என்பனவற்றைத் தாமே அளந்தும் முதியோரிடம் கேட்டும் குறித்து வைத்திருக்கின்றார். அவற்றை ஒழுங்குற எடுத்துக் கூறி, பருவமழைக்கு முன்னர்க் கால்வாயைத் தூர்வாருமாறு சபை தீர்மானம் இயற்றவேண்டும் என்று வேண்டி அமர்கின்றார். அவர் பேசியது ஐந்து நிமிடமே. எனினும், ஊரார் நெஞ்சில் நிற்பது அவர் பேச்சன்றோ? முன்னவர் தம் புகழை எண்ணிப் பேசினார். பின்னவர் ஊரின் ஏரியை எண்ணிப் பேசினார். இருவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இனி, பேச்சுக்கு ஆயத்தம் செய்யும் முறையைக் காண்போம். முதற்கண், சொல்ல வேண்டிய கருத்து யாது என்பதைத் தெளிதல் வேண்டும். அதனை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல் நன்று. அவ்வாறு எழுத இயலாவிடின், கருத்து இன்னும் தெளிவு பெறவில்லை என்று அறிக. அடுத்து, அக்கருத்துக்கு ஆதாரமானவற்றைத் திரட்டுக. நூல்களைக் கற்றும், அறிந்தோரை வினவியும், நேரிற் கண்டும் பேசவேண்டிய அளவினும் மிகுதியாகத் திரட்டி, அவற்றுள் சிறந்தனவற்றை மட்டும் தேர்ந்து கொள்க. பின்னர்க் கேட்போரை எண்ணுக. சிறுவரிடத்துப் பேசும்போது கதையும் உவமையும் மிகுதல் வேண்டும். அலுவலர் கூடிய அவையிற் கணக்கும் காரணமும் மிகுதல் வேண்டும். கற்றோர்முன் சுருங்கக் கூறினும் போதும்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்தினைக் கூறியுள்ளார். அவை பேச்சுக்கும் பொருந்துவன. சொன்னதையே மீண்டும் சொல்லுதல் கூறியது கூறல் என்னும் குற்றம். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிப் பேசுதல் மற்றொன்று விரித்தல்; மேலே காட்டிய முதற்பேச்சாளர் செய்தது இதுவே. ஊக்கத்தோடு தொடங்கி, வரவரச் சுவை குன்றி, முடிவின்றி மெலிந்து ஓய்தல் சென்றுதேய்ந்து இறுதல் ஆகும். இளம்பேச்சாளரிடம் மிகுதியாகக் காணப்படும் குற்றம் இது. முடிவுரையை முன்னரே உறுதி செய்துகொள்ளாமையே இதற்குக் காரணம். ஆதலின், தொடக்கத்தையும் முடிவையும் நன்கு அமைத்துக்கொண்டு, இடையே வரும் கருத்துகளைத் தலைப்புகளாக ஒரு சிறு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்க. பேச்சு முழுவதையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தல் வேண்டா. அங்ஙனம் செய்தோர் ஒரு சொல்லை மறப்பின், கண்ணி அறுந்த சங்கிலிபோல அவர் பேச்சு அவ்விடத்தே நின்றுவிடும்.

சுருங்கச் சொல்லுதற்கும் பெருமுயற்சி வேண்டும் என்பதற்கு ஆபிரகாம் லிங்கனின் உரை சான்றாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் 1863-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மூன்று நாள் கடும்போர் நிகழ்ந்தது. அங்கு மாண்ட வீரர்க்கென அமைத்த இடுகாட்டின் தொடக்க விழா அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் நடைபெற்றது. சொல்வன்மையாற் புகழ்பெற்ற எட்வர்டு எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் எழுந்த குடியரசுத் தலைவர் லிங்கன், ஏறக்குறைய 270 சொற்களே பேசி, சில நிமிடங்களில் அமர்ந்தார். மறுநாள் எவரெட்டே லிங்கனுக்கு மடல் எழுதி, தம் நெடிய உரையினும் அவருடைய சிற்றுரை விழாவின் கருத்தை நன்கு உணர்த்தியதெனப் பாராட்டினார். லிங்கன் அவ்வுரையை இரயில் வண்டியிற் செல்லும்போது விரைந்து எழுதினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அஃது உண்மையன்று, வாசிங்டனில் இருந்தபோதே அவர் அதனை எழுதத் தொடங்கிவிட்டார். அவர் கைப்பட எழுதிய ஐந்து படிகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

ஆயத்தம் செய்தபின்னும் சிலர்க்கு அவையைக் கண்டதும் உடல் நடுங்கும், நா வறளும். இதற்கு நாணுதல் வேண்டா. 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சிக்காகோ நகரில் சமயப் பேரவை கூடியபோது, சுவாமி விவேகானந்தரும் இந்நிலையை எய்தினார். நெஞ்சு படபடத்து நா உலர்ந்ததையும், காலையிற் பேசத் துணிவின்றி நாழிகை கடத்தியதையும் அவரே சென்னையில் இருந்த அன்பர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய மடலில் குறித்துள்ளார். பிற்பகலில் எழுந்து நின்ற அவர், அயல்நாட்டார் நிறைந்த அவ்வவையோரை உடன்பிறந்தாராக விளித்தார். அவ்வளவில் அரங்கம் கையொலியால் அதிர்ந்தது. அவர் எழுதிவைத்த உரை ஏதும் கொண்டு செல்லவில்லை. ஆயினும், பல்லாண்டுக் கல்வியும், நாடெங்கும் சுற்றி மக்களின் வாழ்வை நேரிற் கண்ட பட்டறிவும் அவர்க்கு ஆயத்தமாய் நின்றன. அவையோரை அயலாராக எண்ணும்வரை அச்சம் நிற்கும். நம்மவராக எண்ணியவுடன் அது விலகும்.

பேசும் முறையும் கருதத்தக்கது. எழுந்தவுடன் விரைந்து தொடங்காது, அவையோரை ஒருமுறை நோக்கிப் பின்னர்த் தொடங்குக. கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கேட்குமாறு பேசுக. ஒலிபெருக்கி இருப்பின் கூவுதல் வேண்டா. ஒரு கருத்து முடிந்தபின் சற்று நிறுத்துக. கேட்போர் அதனை உள்வாங்க அவ்விடைவெளி உதவும். எழுத்துகளைத் திருத்தமாக ஒலித்தல் இன்றியமையாதது. தலை, தளை, தழை என்னும் மூன்றும் வெவ்வேறு பொருளன. அறம் என்பதை அரம் என்று ஒலித்தால், நல்வினையைக் குறிக்கும் சொல் இரும்பை அராவும் கருவியைக் குறிப்பதாகிவிடும்.

சொற்கள் கேட்போர்க்கு விளங்குவனவாய் இருத்தல் வேண்டும். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில், ஆறுமுக நாவலர் தம் சமயச் சொற்பொழிவைத் தொடங்கினார். செய்யுளும் இலக்கணமும் ஆழக் கற்ற அவர், பொதுமக்கள் உணரும் உரைநடையில் பேசினார். படித்தோர் மேடைகளில் ஆங்கிலமே ஓங்கியிருந்த காலத்தில், திரு.வி. கலியாணசுந்தரனார் இனிய தமிழிற் பேசினார். 1918-ஆம் ஆண்டிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர் நடுவே அத்தமிழ் ஒலித்தது. இவ்விருவரும் தம் புலமையைக் கேட்போர்க்கு எட்டாத உயரத்தில் வைத்தாரல்லர்.

மாணவர்களே! உங்கள் பள்ளி இலக்கிய மன்றமே உங்களுக்கு முதல் அவை. அங்கு இரண்டு நிமிடமேனும் எழுந்து பேசிப் பழகுங்கள். பிறர் பேசும்போது பொறுமையுடன் கேட்கவும் பழகுங்கள். நன்கு கேட்பவனே நன்கு பேசுவான். அறியாததை அறிந்ததுபோற் பேசாதீர்கள். நா வன்மை வாய்மைக்குத் துணையாதல் வேண்டுமேயன்றி, அதற்குத் திரையாதல் கூடாது. நாளை நீங்கள் ஊரவையில் எழும்போது, பேச அறியாத எத்தனையோ எளியவரின் குறை உங்கள் நாவை எதிர்நோக்கி நிற்கும். அன்று அவர் பொருட்டு அஞ்சாது பேசுவதற்கு இன்றே பயிலத் தொடங்குவீர்களாக.