அரைச் செம்பு நல்ல தண்ணீர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சித்திரைத் திருவிழாவில் வலை வீசும் படலம் பார்க்க மாரியூர் வந்திருந்தபோது, வள்ளத்து அவுட்போர்டு மோட்டாரை இனி நீதான் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். இப்போது கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், நம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆண்கடலின் முகத்தை இந்த மாதங்களில்தான் பார்ப்பாய். அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது மோட்டார் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

டீசல் இன்ஜினுக்குப் பொறி வேண்டாம். அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். உன் மோட்டார் பொறியை நம்பி ஓடுவது. ஃப்ளைவீலின் காந்தம் சுற்றும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ பெட்டி அதைச் சில நூறு வோல்ட்டாகச் சேர்த்து வைத்துச் சட்டென்று விடுகிறது. இக்னிஷன் காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக் முனையின் சிறு இடைவெளியைத் தாண்டுவதைவிட எளிய வழி கிடைத்தால் மின்சாரம் அதில் இறங்கிவிடும். வயர்மேல் படியும் உப்பு ஈரம் அப்படியொரு வழி.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தெறித்த தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். உப்பு அங்கேயே தங்கிவிடும். வாலிநோக்கம் உப்பு மூட்டையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மழை இல்லாத நாளிலும் அடிச்சாக்கு கசிந்திருக்கும். கடல் உப்போடு சேர்ந்திருக்கும் மக்னீசியம் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கிறது. உன் பிளக் கேப்புக்குள்ளும் அதேதான் நடக்கிறது. நேற்று நன்றாக ஓடிய மோட்டார் விடியற்காலையில் கிளம்ப மறுத்தால், முதலில் அங்கே பார்.

ஆகவே கனெக்டரை அடைப்பதற்கு முன் உப்பை எடுக்க வேண்டும். உன் வயதில் நான் இதை மாற்றிச் செய்தேன். கனெக்டர் ஈரமாக இருந்தபோதே டேப்பை இறுக்கிச் சுற்றினேன். பத்தாம் நாள் அலைக்குள் மோட்டார் நின்றது. துடுப்புப் போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தோம். டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. தண்ணீரை வெளியே நிறுத்துவதாக நினைத்து உள்ளே பூட்டியிருக்கிறேன்.

கரையேறியதும் மோட்டாரை அணைத்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்று. குழாயால் தண்ணீர் பீய்ச்சாதே. அரைச் செம்பு நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, காயில், பிளக் வயர், கேப், கனெக்டர் எல்லாவற்றையும் துடை. துணியை அலசி இன்னொரு முறை துடை. நிழலில் நன்றாக உலரட்டும். அதன்பின் கேப்பின் உள்விளிம்பிலும் கனெக்டரின் ரப்பரிலும் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசு. வயரில் ஒட்டுப் போட நேர்ந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் வாங்கு. வயரைக் கனெக்டருக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டுக் கட்டினால், வழியும் துளி வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாவற்றையும் இறுக அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்பாய். அலையில் ஓட்டும் ஜெட் ஸ்கியில் சிடிஐயை ரப்பர் வைத்த பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். ஆனாலும் இன்ஜின் மூச்சுவிடக் காற்று வேண்டும். அதோடு ஈரமும் நுழையும். முழுதாக அடைத்த இன்ஜின் எதுவும் கிடையாது. அதனால்தான் அதையும் ஓட்டி முடித்ததும் கழுவி உலர்த்துகிறார்கள்.

மாதம் ஒருமுறை இருட்டியபின், மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் வைத்து மூடியில்லாமல் ஓட்டிப் பார். எண்ணெய் கேன் தள்ளி இருக்கட்டும். கையும் கைலி நுனியும் ஃப்ளைவீல் பக்கம் போகக் கூடாது. பிளக் வயர்மேல் நீல இழை ஓடினால் அங்கேதான் கசிவு. வயரை மாற்று.

ஸ்டாப் சுவிட்சுக்குள் உப்பு ஏறினாலும் பொறி நின்றுவிடும். அதற்காக அந்த வயரை வெட்டிவிடாதே. நீ கடலில் விழுந்தால், உன் இடுப்பில் மாட்டிய கயிறு இழுபட்டு அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் மோட்டார் நிற்கும். சுவிட்சைச் சுத்தம் செய், இல்லையென்றால் மாற்று.

நம் ஊரில் நல்ல தண்ணீர் குடம் விலைக்கு வருவது. மோட்டாருக்கா என்று உன் அம்மா சத்தம் போடுவாள். மாமா சொன்னதாகச் சொல். நான் துடுப்புப் போட்டு வந்த அன்று கரையில் நின்று அழுதவள் அவள். தண்ணீரை அவளே மொண்டு தருவாள்.

அன்புடன்,
மாமா