புது கணினியில் பழைய விண்டோஸ்: சிடியைப் போடும் முன்

ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறு அச்சகம், உத்திர வீதியில் ஜாதகம் கணித்துத் தரும் வீடு, காந்தி மார்க்கெட்டில் பழைய டாலியில் கணக்கு வைத்திருக்கும் மண்டி. இப்படிப்பட்ட இடங்களில் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் பெட்டி ஒன்று இன்னும் இருக்கும். ஒருநாள் அது படுத்துவிடும். தில்லைநகர் கடையிலிருந்து புதுசு வந்து இறங்கும். பழைய சிடியைப் போட்டால் ஏறாது. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. உங்களுக்கு வேண்டியது பழைய விண்டோஸ்தானா? பெரும்பாலும் இல்லை. அதிலிருந்த பேஜ்மேக்கரோ, ஒரு தமிழ் எழுத்துருவோ, பிரின்டரோதான் வேண்டியிருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை விண்டோஸ் 11-லும் ரைட் கிளிக் செய்து நிறுவிவிடலாம். கை பழகிய பாமினி விசைமுறையும் டைப்ரைட்டர் முறையும் என்எச்எம் ரைட்டரில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துரு ஒன்றுக்காக 2001-ல் வந்த எக்ஸ்பியைத் தேடி அலைய வேண்டாம்.

2. எக்ஸ்பி சிடி பாதியில் நீலத்திரை காட்டி, 0x0000007B என்று முடியும் எண்ணோடு நின்றால் சிடியில் கோளாறு இல்லை. இன்றைய சாட்டா டிஸ்க்குகள் இயங்கும் ஏஎச்சிஐ முறைக்கு எக்ஸ்பியில் டிரைவர் கிடையாது. பயாஸில் ஐடிஇ என்று மாற்ற வழியிருந்தால் மாற்றிப் பாருங்கள். புது போர்டுகளில் அந்த வழியே இருக்காது. அங்கே எக்ஸ்பியை மறந்துவிட்டு நேராக 6-வது குறிப்புக்குப் போங்கள்.

3. விண்டோஸ் 7 நிறுவும்போது முதல் திரையிலேயே கீபோர்டும் மவுசும் செத்துப்போகும். 2009-ல் வந்த அந்த விண்டோஸுக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது. இன்டெல் 6-ம் தலைமுறையிலிருந்து பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரையும் எடுத்துவிட்டார்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கம் வட்டமான பிஎஸ்/2 துளை இருக்கிறதா பாருங்கள். பரணில் கிடக்கும் பழைய கீபோர்டைச் செருகினால் வேலை நடக்கும். லேப்டாப் என்றால் யுஎஸ்பி 3.0 டிரைவரை முன்னதாகவே பென்டிரைவில் சேர்த்துத்தான் நிறுவ வேண்டும்.

4. "டிஸ்க் எதுவுமே காட்டவில்லை" என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸ் 7 அதையும் அறியாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்து அதில் நிறுவுவது எளிது.

5. 'ஸ்டார்டிங் விண்டோஸ்' என்ற இடத்திலேயே உறைந்து நின்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறை) வசதியை இயக்க வேண்டும். பல புது போர்டுகளில் சிஎஸ்எம்மே இல்லை. அங்கே எவ்வளவு மல்லுக்கட்டினாலும் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: புது லேப்டாப்பில் டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்டு வந்திருக்கலாம். பிட்லாக்கர் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள். எண் இல்லையென்றால் உங்கள் கோப்பே உங்களுக்குத் திறக்காது.

6. இத்தனை பாட்டுக்கும் பதில் விர்ச்சுவல்பாக்ஸ். இலவசம். விண்டோஸ் 11-க்குள் ஒரு ஜன்னலாக முழு எக்ஸ்பியும் ஓடும். அது எக்ஸ்பியிடம் பழைய ஐடிஇ டிஸ்க், பழைய சிப் என்று காட்டுவதால் டிரைவர் சண்டையே வராது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயங்க வேண்டும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ராம் தாராளம். நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, கோப்புகளைப் பகிர்வு ஃபோல்டர் வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக ஓடியதும் முழு எக்ஸ்பியையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வெளி டிஸ்க்கில் வைத்தால், அடுத்த கணினிக்கு மாறும்போது இந்தக் கூத்து எதுவும் வேண்டியதில்லை. பத்திரிகை சீசனில், முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் மட்டும் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

7. 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. சில பழைய மென்பொருள்கள் 32 பிட்டாகவே இருந்தாலும் அவற்றை நிறுவும் செட்டப் கோப்பு 16 பிட்டாக இருக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே முரண்டு பிடிக்கும். மாறாக, 32 பிட் விண்டோஸ் போட்டால் 8 ஜிபி ராம் வாங்கியிருந்தாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும்.

8. டாங்கிள் பூட்டு உள்ள மென்பொருள் என்றால் கணினி வாங்குமுன் டாங்கிளின் முனையைப் பாருங்கள். யுஎஸ்பி என்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இணைக்கலாம். பழைய அகலமான பேரலல் முனை என்றால் மென்பொருள் விற்றவரிடம் யுஎஸ்பி டாங்கிள் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு யுஎஸ்பி-பேரலல் கேபிள் பெரும்பாலும் போதும். டாங்கிளுக்கு அது உதவாது.

9. வீட்டில் அரசு கொடுத்த மடிக்கணினி சும்மா கிடக்கிறதா? 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா அந்த ஆண்டே தொடங்கிய திட்டம் அது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அந்த வன்பொருளுக்கு விண்டோஸ் 7 இயல்பாகவே பொருந்தும். டிஸ்க்கை மட்டும் சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றிப் பழைய மென்பொருளுக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஜெயலலிதா படம் ஒட்டிய மூடியைப் பார்த்து யாரும் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

10. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டன. விண்டோஸ் 7-ல் குரோம் 109-ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். ஜிஎஸ்டி தாக்கலும் வேண்டாம்.

11. பழைய பெட்டி படுத்தாலும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கக்கூடும். பழைய இரும்புக்குப் போடாமல் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, பேஜ்மேக்கர் கோப்புகளோடு 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் முதலில் நகலெடுங்கள். அந்த எழுத்துரு இல்லாமல் பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் வரும்.