திருவதரியில் முதன்முறை தீர்த்தமாடுவோருக்கு

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவதரிக்கு, அதாவது பத்ரிநாத்துக்கு, முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்கு இது. கோயிலுக்குக் கீழே அலகநந்தா சில்லிட்டு ஓடும். அதன் கரையிலேயே தப்த குண்டத்தில் வெந்நீர் ஊறும். அதில் நீராடிவிட்டுப் பெருமாளைச் சேவிப்பது வழக்கம். குளிரில் நடுங்கி வருகிறவர்களுக்கு ஆவியைக் கண்டதும் நிதானம் போய்விடுகிறது.

1. குதிக்காதீர்கள். தண்ணீர் ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ்; நம் உடம்புச் சூடு 37. விறைத்த காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. சொம்பில் மொண்டு பாதம், முழங்கால், இடுப்பு என்று ஊற்றிப் பழகிய பிறகு இறங்குங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்காகக் கூட வருகிறவர் கைவிட்டுப் பார்க்கட்டும்.

2. இரண்டு மூன்று நிமிஷம் போதும். பத்ரி 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைவு. இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். எழுந்து நின்றதும் தலை சுற்றும். எங்கள் குழுவில் ஒருவர் சுகமாக இருக்கிறதென்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்த வேகத்தில் ஈரப்படியில் சரிந்தார். பின்னால் நின்றவர் தாங்கியதால் மண்டை தப்பியது. கைப்பிடித்து மெதுவாக ஏறுங்கள். தனியாக இறங்கவே வேண்டாம்.

3. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இறங்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துப் புரோட்சணம் செய்துகொள்வது நம் பெரியவர்கள் வைத்த வழிதான். அதில் ஒரு குறையும் இல்லை.

4. மூழ்கி முழுக்குப் போடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. எந்த வெந்நீர் ஊற்றானாலும் மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சோப்பு வேண்டாம். அடுத்தவரும் அதில்தான் இறங்க வேண்டும்.

6. வெந்நீர் ஊற்றென்றாலே குளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். யமுனோத்ரியின் சூரிய குண்டத்தில் அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் வெந்துவிடும். அங்கே குழந்தையின் கையை விடாதீர்கள்.

7. ஏறியதும் துவட்டி, கம்பளி போர்த்தி, தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு கனத்தால், மூச்சு முட்டினால், தரிசன வரிசையில் நிற்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.