கைமாறி வாழ்ந்த இசை

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1971ஆம் ஆண்டு நான்கு இளைஞர்கள் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். ஒலிப்பதிவுக் கூடத்தின் அருகிலிருந்த மளிகைக் கடையின் பெயர் 'பிக் ஸ்டார்'. அப்பெயரையே குழுவுக்கும் சூட்டினர். பெரிய நட்சத்திரம் என்பது அதன் பொருள்; பெயரில் மட்டுமே நட்சத்திரம்!

1972இல் வெளிவந்த முதல் இசைத்தட்டைத் திறனாய்வாளர்கள் புகழ்ந்தனர். ஆனால் விநியோகம் சீராக நடைபெறவில்லை. வாங்க வந்தவர்களுக்குக் கடைகளில் தட்டு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் குழு கலைந்தது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கிறிஸ் பெல், 1978இல் கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 27. தம் பாடல்களைப் பலரும் தேடிக் கேட்ட காலத்தை அவர் காணவில்லை.

பழைய தட்டுக் கடைகளில் அத்தட்டைக் கண்டெடுத்தவர்கள் நண்பர்களை அழைத்துக் கேட்கச் செய்தனர். நண்பர்கள் ஒலிநாடாவில் படியெடுத்து மேலும் சிலருக்கு அளித்தனர். அவ்வாறு கேட்டவர்களுள் சிலர் பின்னாளில் 'மாற்று ராக்' இசையில் புகழ்பெற்றனர். 'ரீப்ளேஸ்மென்ட்ஸ்' குழுவினர், பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்டனின் பெயரிலேயே 1987இல் ஒரு பாடலை வெளியிட்டனர்.

1993இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் மீண்டும் மேடையேறியது. பழைய உறுப்பினர் இருவருடன், அக்குழுவின் இரசிகர்களாய் வளர்ந்த இளைஞர் இருவரும் அன்று இணைந்து வாசித்தனர்.

சொற்பொருள்: திறனாய்வாளர் – கலைப்படைப்பின் நிறைகுறைகளை ஆராய்பவர், படியெடுத்தல் – நகல் எடுத்தல்.

எழுதுக: உம் நண்பர் அறியாத பாடல் ஒன்றை அவருக்கு அறிமுகம் செய்து ஐந்து தொடர்கள் எழுதுக.