பெட்டிகள் ஓடும் படம்

கிடங்கு ஒன்றில் கன்வேயர் பட்டை அமைக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் முதலில் எதை வரைவீர்கள்? பட்டையை அல்ல, அதில் ஓடப்போகும் சரக்கை வரையுங்கள்.

1898-இல் சாங்கி என்ற பொறியாளர், நீராவி எந்திரத்தில் வெப்பம் பிரிந்து செல்வதைத் தடித்த கோடுகளால் காட்டினார். அளவு எவ்வளவோ, கோட்டின் அகலமும் அவ்வளவு. அதே முறைதான் இங்கும்.

கிடங்கின் தரைப்படத்தின் மேல் டிரேசிங் தாளை விரியுங்கள். மூன்று வாயில்கள், ஒவ்வொன்றிலும் மணிக்கு 600 பெட்டிகள். 100 பெட்டிக்கு 1 மி.மீ. என்றால் 6 மி.மீ. கோடுகள் மூன்று கூடி 18 மி.மீ. ஆகும். பட்டையின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர்; பெட்டியும் இடைவெளியும் சேர்ந்து 1 மீட்டர். ஆகவே மணிக்கு 1800 பெட்டிகள் செல்லும். சரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்!

இரண்டாவது டிரேசிங் தாளில், திரும்பி வரும் பெட்டிகளை மட்டும் வரையுங்கள். முகவரிச் சீட்டைப் படிக்க முடியாமல் பத்தில் ஒரு பெட்டி சுற்றி வந்து, அதே பட்டையில் மீண்டும் ஏறுவதாகக் கொள்வோம். 1800-இல் 180 இடங்கள் அவற்றுக்கே போய்விடும். வாயில்களில் மணிக்கு 180 பெட்டிகள் தேங்கும்.

அப்படியானால் 1980 போதுமா? என் வகுப்பில் பலரும் இங்கேதான் வழுக்கி விழுவார்கள். திரும்பிய 180-இலும் பத்தில் ஒன்று மறுபடி திரும்புமே! 180, 18, 1.8 என்று கூட்டிக்கொண்டே போனால் 200. கோடு 20 மி.மீ.; வேகம் நொடிக்கு சுமார் 0.56 மீட்டர் வேண்டும்.

காலை முதல் மணியில் ஒரு வாயிலில் மட்டும் 900 பெட்டிகள் வந்தால்? மூன்றாவது தாளை நீங்களே வரைந்து பாருங்கள்.